மலைச்சரிவில் போட வேண்டிய சட்டை எது? வியர்வையை உலர்த்தும், காற்று புகும் துணியைத் தேர்ந்தெடுக்க முழுமையான வழிகாட்டி

பெரியகுளம் பக்கம் கும்பக்கரையில் ஏறத் தொடங்கி, வெள்ளகவி வழியாகக் கொடைக்கானலை ஒட்டிய வட்டக்கானல் போய்ச் சேருகிறவர் ஒரே நாளில் இரண்டு ஊர் வெயிலைப் பார்த்துவிடுகிறார். பெரியகுளம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர்; கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர். 1,000 மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி குறையும் என்பது கணக்கு. அப்படியானால் சித்திரை வெயிலில் கீழே 36 டிகிரி கொதிக்கும்போது மேலே 24, 25 டிகிரிதான் இருக்கும். நீலகிரியிலும் இதே நிலைதான்: மேட்டுப்பாளையம் சுமார் 325 மீட்டர், குன்னூர் 1,850, ஊட்டி 2,240.

கடையில் போய் வெயிலுக்குச் சட்டை கேட்டால் சமவெளிக்கான மெல்லிய பருத்திச் சட்டையை எடுத்துப் போடுவார்கள். மலைக்குப் போகிறேன் என்றால் ஸ்வெட்டரைக் காட்டுவார்கள். இரண்டுக்கும் நடுவே, வேர்த்து விறுவிறுத்து ஏறும் அந்த நான்கைந்து மணி நேரத்துக்கு என்ன போடுவது என்று யாரும் சொல்வதில்லை. ஏறும்போது உடம்பைக் குளிர வைத்தால் மட்டும் போதாது. ஏறி முடித்து, மேட்டில் காற்று அடிக்கும் இடத்தில் உட்கார்ந்ததும் சட்டை சீக்கிரம் காய வேண்டும். மலைக்குச் சட்டை வாங்குகிறவர் இந்த இரண்டாவது வேலையை முதலில் பார்க்க வேண்டும் என்பதே என் உறுதியான எண்ணம். கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் அதை ஒட்டித்தான் வருகிறது.

படி 1: எந்தப் பாதை, எந்த மாதம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

சட்டை வாங்குவதற்கு முன் நீங்கள் எங்கே வேர்க்கப் போகிறீர்கள் என்று தெரிய வேண்டும்.

பங்குனி உத்திரத்துக்கு பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர் நடப்பது சமவெளியில். தார்ச்சாலை, காய்ந்த காற்று, நிழல் குறைவு. அங்கே நனைந்த துணி உடம்பில் இருப்பது நல்லதே. துண்டைத் தண்ணீரில் முக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிறவர்கள் செய்வது மிகச் சரியான காரியம். தளர்வான பருத்திச் சட்டை அந்த வழிக்குப் போதும். பழனி மலையின் 693 படிகளை ஏறினாலும் உச்சியில் குளிர்காற்று வெடவெடக்க வைக்காது.

மாசி முதல் வைகாசி வரை அடிவாரத்திலிருந்து மேலே ஏறுவது வேறு. கல்லாற்றிலிருந்து குன்னூர் பக்கம், கும்பக்கரையிலிருந்து வட்டக்கானல், சைக்கிளில் 36 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கல்லட்டிச் சாலை என்று எதுவானாலும் ஏறும் வரை புழுக்கம், ஏறியதும் குளிர்காற்று. இந்த வழிகாட்டி முக்கியமாக இந்த நடைக்காரர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும்தான்.

மழைக்காலம் மூன்றாவது வகை. ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவமழை கூடலூர், பந்தலூர் பக்கம் கொட்டும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கோத்தகிரி, குன்னூரையும் கொடைக்கானல் இருக்கும் பழனி மலைத்தொடரையும் நனைக்கும். மேகம் தரையில் இறங்கி நிற்கும்போது காற்றிலேயே ஈரம் நிறைந்திருக்கும். வியர்வை ஆவியாகிப் போக இடமே இல்லை. அந்த நாளில் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய சட்டையும் காயாது. மாற்றுச் சட்டை ஒன்றை பிளாஸ்டிக் உறைக்குள் சுற்றிப் பையில் வைத்துக்கொள்வதுதான் வழி.

படி 2: மூன்று குணங்களைத் தனித்தனியாகப் பாருங்கள்

கடைக்காரர் "டிரை ஃபிட் சார், நல்லா காத்து போகும்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவார். அதற்குள் மூன்று வேறு விஷயங்கள் கலந்திருக்கின்றன.

முதலாவது, வியர்வையை உறிஞ்சிப் பரப்புவது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, இழைகளுக்கு நடுவே உள்ள நுண்ணிய இடைவெளிகள் வியர்வையை உடம்பிலிருந்து இழுத்துத் துணியின் வெளிப்பக்கம் பரப்புகின்றன. ஒரு துளி எவ்வளவு அகலமாகப் பரவுகிறதோ அவ்வளவு சீக்கிரம் ஆவியாகும்.

இரண்டாவது, காற்று உள்ளே வந்து வெளியே போவது. இது பெரும்பாலும் நெசவையும் பின்னலையும் பொறுத்தது.

மூன்றாவது, காயும் வேகம். இது துணி மொத்தமாக எவ்வளவு தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது என்பதைப் பொறுத்தது.

ஒன்று இருந்தால் மற்றது இருக்கும் என்று இல்லை. மெல்லிய பருத்தி மல் துணியில் காற்று தாராளமாகப் போகும், உறிஞ்சவும் செய்யும், ஆனால் பிடித்த தண்ணீரை விடாது. பள்ளி விளையாட்டு விழாவுக்குத் தைக்கும் தடித்த பாலியஸ்டர் ஜெர்சி சீக்கிரம் காயும்; ஆனால் காற்று போகாது, வியர்வையையும் இழுக்காது, உடம்பில் வழிந்து ஓடவிடும்.

வழிந்து தரையில் சொட்டும் வியர்வையால் உடம்புக்கு ஒரு பயனும் இல்லை. ஒரு லிட்டர் வியர்வை தோலின் மேலோ தோலை ஒட்டியோ ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். அந்த ஆவியாதல் நடக்க இடம் கொடுப்பதுதான் நல்ல சட்டை.

படி 3: நூல் எது என்று லேபிளில் படியுங்கள்

கழுத்துக்குப் பின்னாலோ இடுப்புத் தையலின் உள்பக்கமோ ஒரு சின்ன லேபிள் இருக்கும். அதில் எழுதியிருக்கும் நூல் கலவையைப் படிக்காமல் மலைக்குச் சட்டை வாங்காதீர்கள்.

பருத்தி: சாதாரண ஈரப்பதமுள்ள அறையில் சும்மா தொங்கும் 100 கிராம் பருத்தியே காற்றிலிருந்து ஏறத்தாழ 8 கிராம் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். வியர்வை என்றால் கேட்கவே வேண்டாம், இழைக்குள்ளேயே குடித்துவிடும். கீழே ஏறும்போது அது சுகமாகத்தான் இருக்கும். டால்பின் நோஸ் பாறையில் காற்றுக்கு எதிரே நிற்கும்போதுதான் முதுகில் ஒட்டிய ஈரத்துணி உடம்புச் சூட்டை இழுக்க ஆரம்பிக்கும். பல்லைக் கிட்ட வைக்கும் குளிர் பாதி சட்டையிலிருந்து வருவது. பருத்தியை நான் குறை சொல்லவில்லை. வீட்டுக்கும், தோட்டத்துக்கும், சமவெளிக்கும் அதைவிட நல்ல துணி இல்லை. அடிவாரத்திலிருந்து உச்சிக்குப் போகும் நாளுக்கு மட்டும் வேண்டாம் என்கிறேன்.

பாலியஸ்டர்: அதே அறையில் 100 கிராம் பாலியஸ்டர் அரை கிராம் ஈரத்தைக்கூட வைத்துக்கொள்ளாது. இழை தண்ணீரைக் குடிப்பதில்லை. இழைகளுக்கு நடுவில் மட்டுமே தண்ணீர் நிற்கும். அதனால்தான் பிழிந்து உதறினால் பாதி காய்ந்துவிடுகிறது. ஆனால் எல்லா பாலியஸ்டரும் வியர்வையை இழுக்காது. உருண்டையான சாதாரண இழையில் துளி முத்து முத்தாக நிற்கும். கூல்மேக்ஸ் போன்ற வகைகளில் இழையின் நீளத்துக்குக் கால்வாய் போன்ற பள்ளங்கள் விட்டிருப்பார்கள். தண்ணீர் அந்தப் பள்ளங்களில் ஓடும். விலை குறைந்த சட்டைகளில் இழை சாதாரணமாகவே இருக்கும், மேலே ஒரு ரசாயனப் பூச்சு மட்டும் கொடுத்திருப்பார்கள். பூச்சு சலவையில் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும். பள்ளம் போகாது.

பாலியஸ்டரின் பெரிய குறை நாற்றம். உடம்பு எண்ணெய் அதில் ஒட்டிக்கொள்ளும், அங்கே கிருமிகள் பெருகும். இரண்டு நாள் நடையில் ஒரே சட்டை என்றால் கூட வருகிறவர் பாவம்.

நைலான்: பாலியஸ்டரைவிட மிருதுவாக இருக்கும், உரசலுக்கும் தாங்கும். லந்தானா புதரைக் கிழித்துக்கொண்டு போகும் பாதைக்கு நல்லது. காய்வதற்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுக்கும்.

மெரினோ கம்பளி: வெயில் நடைக்குக் கம்பளியா என்று கேட்பவர்கள் ஒரு முறை மெல்லிய மெரினோ டீ-ஷர்ட்டைப் போட்டுப் பார்க்க வேண்டும். சாதாரணக் கம்பளிபோல் அது குத்தாது, ஏனென்றால் இழை மிகவும் மெல்லியது. ஈரத்தை இழைக்குள் வாங்கிக்கொண்டாலும் மேற்பரப்பு ஈரமாகத் தெரியாது; நனைந்திருக்கும்போதும் உடம்பைக் குளிரவிடாது; நாற்றம் மிகக் குறைவு. பழனி மலைத்தொடரில் மன்னவனூரில் மத்திய அரசின் செம்மறியாடு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. பாரத் மெரினோ ஆடுகளை அங்கே வளர்க்கிறார்கள். ஊட்டிக்குப் பக்கத்தில் சாண்டிநல்லாவிலும் செம்மறி ஆராய்ச்சி நிலையம் உண்டு. இத்தனை இருந்தும் நம் மலை ஊர்க் கடைகளில் மெரினோ டீ-ஷர்ட் கண்ணில் படுவது அபூர்வம் என்பது எனக்கு வருத்தம்தான். இணையத்தில் வாங்கினால் விலை அதிகம். கட்டுப்படியாகிறவர்கள் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாம். இரண்டு மூன்று நாள் நடைக்கு அது ஒன்றே போதும்.

விஸ்கோஸ், மூங்கில் என்று லேபிளில் வருவது: மூங்கில் என்ற பெயரைக் கேட்டு மயங்க வேண்டாம். பெரும்பாலும் அது மூங்கில் கூழிலிருந்து செய்த விஸ்கோஸ். தொட்டால் குளுகுளுவென்று இருக்கும். ஆனால் பருத்தியைவிட அதிகமாகத் தண்ணீர் குடிக்கும், நனைந்தால் தொங்கிப் போகும்.

கலவைத் துணிகள் மோசம் இல்லை. பாலியஸ்டர் பாதிக்கு மேல் இருந்தால் சிறு நடைகளுக்குத் தாராளம். லைக்ரா 5 சதவீதம் இருந்தால் கையை நீட்டி மடக்க வசதி. அதற்கு மேல் ஏற ஏற உடம்பைப் பிடிக்கும், காய்வதும் தாமதமாகும்.

படி 4: எடையும் பின்னலும்

துணியின் எடையை ஜி.எஸ்.எம். என்று சொல்வார்கள், ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பது. வழக்கமான பருத்தி டீ-ஷர்ட் 180 வரும். மலை ஏற்றத்துக்கு 120 முதல் 150 வரை பாருங்கள். 100-க்குக் கீழே போனால் வெயில் ஊடுருவும், பை உரசும் தோள்பட்டையில் சீக்கிரம் நைந்துபோகும்.

திருப்பூர் பக்கத்திலேயே இருப்பது நமக்கு ஒரு வரம். காதர்பேட்டையில் போய்க் கேட்டால் பின்னலின் பெயர் சொல்லியே எடுத்துத் தருவார்கள். சிறு சிறு துளைகள் உள்ள டாட் நிட், அரிசிமணி போல் மேடு தெரியும் ரைஸ் நிட் ஆகியவை விளையாட்டுச் சட்டைக்கு அதிகம் போகும் பாலியஸ்டர் துணிகள். மேடு பள்ளமான பின்னல் உடம்போடு முழுதாக ஒட்டாது என்பதால் இவை இரண்டும் நல்ல தேர்வு. வழுவழுப்பான இன்டர்லாக் பார்க்க அழகு, ஆனால் கனம். மேட்டி என்ற பின்னலில் வரும் காலர் டீ-ஷர்ட் பருத்தியாக இருந்தால் மலைக்கு வேண்டாம், பாலியஸ்டராக இருந்தால் பரவாயில்லை. முழுக்க வலைபோன்ற மெஷ் துணியை அக்குளிலும் முதுகிலும் மட்டும் வைத்துத் தைத்த சட்டை கிடைத்தால் விடாதீர்கள். உடம்பு முழுக்க மெஷ் வேண்டாம். முள்ளில் மாட்டும், வெயிலையும் தடுக்காது.

ஒன்றைக் கட்டாயம் பாருங்கள்: நெஞ்சில் பெரிதாக ரப்பர் பிரிண்ட் அடித்த சட்டையை வாங்காதீர்கள். நகத்தால் சுரண்டினால் பிளாஸ்டிக் தாள்போல் தட்டுப்படும் அச்சு அது. அந்த இடத்தில் காற்றும் போகாது, வியர்வையும் வெளியேறாது. சப்ளிமேஷன் அச்சில் சாயம் இழைக்குள்ளேயே போய்விடுவதால் இந்தச் சிக்கல் இல்லை. குழுவாக மலை ஏறப் போகிறவர்கள் ஒரே மாதிரி டீ-ஷர்ட் அடிக்கும்போது இதைச் சொல்லி அடிக்கச் சொல்லுங்கள்.

படி 5: கடையில் நின்றபடியே மூன்று சோதனை

ஊதிப் பாருங்கள். ஒற்றை மடிப்புத் துணியை வாயோடு சேர்த்துப் பிடித்து ஊதுங்கள், மறுபக்கம் உள்ளங்கையை வையுங்கள். மூச்சு எளிதாகக் கையில் பட்டால் காற்று போகும் துணி. கன்னம் உப்பினால் வைத்துவிடுங்கள்.

வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கடையின் டியூப் லைட்டுக்கு நேரே நீட்டிப் பிடித்தால் பின்னலின் கண்கள் சீராகத் தெரிய வேண்டும். கையின் வடிவம் முழுதாகத் தெரிந்தால் மலை வெயிலுக்கு அது போதாது.

மூன்றாவது துளிச் சோதனை, இதுதான் முக்கியம். கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு, சட்டையின் உள்பக்கத்தில் விரல் நுனியால் ஒரு துளித் தண்ணீர் வையுங்கள். நல்ல துணியில் அது இரண்டு மூன்று நொடியில் பரவி மறையும். திருப்பினால் வெளிப்பக்கத்து ஈரவட்டம் உள்பக்கத்தைவிடப் பெரிதாக இருக்கும். துளி முத்தாக உருண்டு நின்றால் அந்தச் சட்டை முதுகில் வியர்வையை வழியவிடும். பருத்தியிலும் துளி உடனே பரவும் என்பதால், லேபிள் பார்க்காமல் இந்தச் சோதனையை மட்டும் நம்ப வேண்டாம். தெரு ஓரத்தில் குவித்து விற்கும் சட்டைகளில் லேபிளில் ஒன்றும் துணியில் வேறொன்றுமாக இருக்கும். அங்கே துளிச் சோதனையும் கையால் தடவிப் பார்ப்பதுமே துணை.

படி 6: தையலும் அளவும்

உடம்பைப் பிடிக்கும் சட்டை வியர்வையை வேகமாக இழுக்கும் என்பது உண்மை, துணி தோலைத் தொட்டால்தானே உறிஞ்ச முடியும். ஆனால் நம் மலை நடைக்குக் கொஞ்சம் தளர்வாக இருப்பதே மேல். நடக்க நடக்கத் துணி ஆடி, உள்ளே காற்றைத் தள்ளும். மார்பில் இரண்டு விரல் அகலம் துணியைப் பிடித்து இழுக்க முடிந்தால் சரியான அளவு.

தோள்பட்டையில் தையல் எங்கே வருகிறது என்று பாருங்கள். பையின் பட்டை தையலின் மேல் உட்கார்ந்தால் மாலைக்குள் தோல் உரிந்துவிடும். கழுத்திலிருந்து அக்குளுக்குச் சாய்வாக இறங்கும் ராக்லன் தையலில் இந்தத் தொல்லை இல்லை. பாதி ஜிப் வைத்த கழுத்து பெரிய வசதி: ஏறும்போது திறந்துவிடலாம், மேட்டில் நின்றதும் கழுத்து வரை இழுத்துவிடலாம்.

முழுக்கை நல்லதா, அரைக்கையா? நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் பெண்கள் சேலைக்கு மேலே ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டையைப் போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். செடியின் குச்சி கீறாமலும் வெயில் படாமலும் இருக்க அவர்கள் அனுபவத்தில் கண்டுகொண்டது அது. நானும் முழுக்கைக்கே ஓட்டுப் போடுவேன், துணி மெல்லியதாக இருந்தால்.

இனி, பலர் கவனிக்காத ஒன்று: உள்ளாடை. நம் ஊரில் ஆண்கள் சட்டைக்குள் பருத்தி பனியன் போடாமல் வெளியே போவதில்லை. மேலே எவ்வளவு நல்ல டிரை ஃபிட் போட்டாலும் உள்ளே பருத்தி பனியன் இருந்தால் எல்லா வியர்வையும் அதிலேயே தங்கிவிடும். மேல்சட்டைக்கு வேலையே இல்லை. மலை ஏறும் நாளில் பனியனை வீட்டில் வையுங்கள். பெண்களும் பருத்தி பிராவுக்குப் பதில் நைலான் அல்லது பாலியஸ்டர் ஸ்போர்ட்ஸ் பிரா போட்டால் வித்தியாசம் உடனே தெரியும். சுடிதார் போட்டு நடக்கிறவர்கள் துப்பட்டாவைப் பையில் வைத்துக்கொண்டு, மேலே ஏறியதும் கழுத்தைச் சுற்றிக்கொள்ளலாம்.

படி 7: நிறமும் வெயிலும்

மலையில் காற்று குளுமையாக இருப்பதால் வெயில் சுடுவது உறைக்காது. ஆனால் 1,000 மீட்டர் ஏற ஏறப் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடுகிறது. தொட்டபெட்டா 2,637 மீட்டர். அங்கே ஒரு மதியம் நின்றால் சமவெளியைவிடச் சீக்கிரம் தோல் கருக்கும்.

மெல்லிய வெள்ளைப் பருத்தி இந்தக் கதிரை அவ்வளவாகத் தடுக்காது. நனைந்தால் இன்னும் மோசம். லேபிளில் யு.பி.எஃப். 50 என்று இருந்தால் ஐம்பதில் ஒரு பங்கு கதிர் மட்டுமே உள்ளே வரும் என்று பொருள். அடர்ந்த நிறங்கள் கதிரை அதிகம் தடுக்கும், ஆனால் சூட்டையும் வாங்கும். தளர்வான உடையில் இந்தச் சூடு அவ்வளவாக உடம்புக்கு வருவதில்லை. சினாய்ப் பாலைவனத்துப் பதூயின் மக்களின் கறுப்பு அங்கியை ஆராய்ந்து 1980-ல் நேச்சர் இதழில் வெளியான கட்டுரை, வெள்ளை அங்கியிலும் கறுப்பு அங்கியிலும் தோலுக்குப் போய்ச் சேரும் வெப்பம் ஏறத்தாழ ஒன்றுதான் என்று காட்டியது. கறுப்பு வாங்கும் சூட்டை அங்கிக்குள் ஓடும் காற்று வெளியே கொண்டு போய்விடுகிறது.

காட்டுப் பாதை என்றால் ஆலிவ் பச்சை, மண் நிறம், சாம்பல் போன்றவை நல்லது. பளிச்சென்ற நிறம் விலங்குகளின் கண்ணை இழுக்கும். சாலையில் சைக்கிள் மிதிக்கிறவர்களுக்கு நேர் எதிர். வளைவில் வரும் பேருந்து ஓட்டுநருக்குத் தூரத்திலிருந்தே தெரியும் ஆரஞ்சு, எலுமிச்சை மஞ்சள் போன்றவைதான் வேண்டும்.

படி 8: வீட்டில் ஒரு ஒத்திகை

வாங்கிய சட்டையை நேராக மலைக்குப் போட்டுக்கொண்டு போகாதீர்கள். முதலில் ஒரு முறை துவைத்து, பிழிந்து, நிழலில் கொடியில் போடுங்கள். பக்கத்திலேயே வீட்டில் இருக்கும் பருத்தி டீ-ஷர்ட் ஒன்றையும் அதேபோல் நனைத்துப் போடுங்கள். பருத்தி சொட்டிக்கொண்டிருக்கும்போதே புதியது ஏறத்தாழக் காய்ந்திருக்க வேண்டும். பிறகு அதைப் போட்டுக்கொண்டு, பையையும் மாட்டி, மாடிப்படி வேர்க்கும் வரை ஏறி இறங்குங்கள். வேர்த்த உடம்போடு மின்விசிறிக்கு நேரே நில்லுங்கள். மலைமேட்டுக் காற்றில் என்ன ஆகும் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

படி 9: துவைப்பதில் கவனம்

கடைசி அலசலில் வாசனைக்காக ஊற்றும் கண்டிஷனர் இந்தத் துணிகளுக்கு எதிரி. அது இழைமேல் மெல்லிய படலமாகப் படிந்து, வியர்வை ஓடும் வழியை அடைத்துவிடும். ப்ளீச்சும் வேண்டாம். சாதாரணத் தண்ணீர், குறைந்த சோப்பு, சட்டையை உள்பக்கம் திருப்பித் துவைத்தால் போதும். நாற்றம் போகவில்லை என்றால் ஒரு வாளித் தண்ணீரில் ஒரு டம்ளர் வெள்ளை வினிகர் கலந்து அரை மணி நேரம் ஊறவைத்துப் பிறகு துவையுங்கள். சூடான இஸ்திரிப் பெட்டி பாலியஸ்டரை உருக்கிவிடும். தேய்க்கவே தேவையில்லாத துணி அது. மெரினோவைக் கையால் கசக்காமல் அலசி, தொங்கவிடாமல் படுக்கையாகப் போட்டுக் காய வையுங்கள்.

மலை ஓடையில் சட்டையைத் துவைக்காதீர்கள். சோப்பு மட்டுமல்ல, பாலியஸ்டரிலிருந்து உதிரும் நுண்ணிய பிளாஸ்டிக் இழைகளும் அந்தத் தண்ணீரில் கலக்கும்; கீழே ஒரு கிராமம் அதைத்தான் குடிக்கிறது.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை துளிச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். துளி உருண்டு நிற்க ஆரம்பித்தால், வெந்நீர் இல்லாமல் வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்பு போட்டு இரண்டு முறை நன்றாக அலசிப் பாருங்கள். படிந்த எண்ணெயும் கண்டிஷனரும் போனால் சில சட்டைகள் மறுபடி உறிஞ்சத் தொடங்கும். அப்படியும் துளி பரவவில்லை என்றால் பூச்சு போய்விட்டது. அதை ஊருக்குள் போட்டுக்கொள்ளுங்கள், மலைக்கு வேறு எடுங்கள்.